மாட் பண்ண (கம்பெனிலேர்ந்து வந்தத மாத்துன) வண்டின்னா எல்லா லேபரும் (வேலைக் கூலி) ஒன்றரை மடங்கா? கம்பெனி சர்வீஸ்ல மூணு தடவ விட்ட அனுபவம்

வண்டிய பத்தி முதல்ல சொல்லிடுறேன், அப்பதான் மத்தது புரியும். லேடர் ஃபிரேம் (ஏணி மாதிரி இரும்புச் சட்டம் மேல பாடி உக்காந்திருக்கும்) டீசல் எஸ்யூவி, முன்னாடி ரெண்டு வீலும் தனித்தனியா ஏறி இறங்குற இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், வாங்குனப்ப 265/70 ஆர்17 டயர். 31,000 கிலோமீட்டர்ல வண்டிய ஒசத்துற 2 இன்ச் லிஃப்ட் போட்டேன், டயர பெரிய 285/70 ஆர்17க்கு மாத்துனேன், அடியில கல்லு இடிக்காம காப்பாத்துற ஸ்டீல் ஸ்கிட் பிளேட், முன்னாடி ஸ்டீல் பம்பர், மேல ரூஃப் ரேக், ஒரு எல்ஈடி லைட் பார். இன்ஜின தொடல, ஈசியூவ (இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர) தொடல, ஏர் ஃபில்டர் பாக்ஸ் கூட வண்டியோட வந்ததுதான். இத இவ்ளோ விவரமா ஏன் சொல்றேன்னா, எத மாத்துனேன் எத மாத்தலங்கிற இந்த வித்தியாசத்த பில்லு போடும்போது சர்வீஸ் சென்டர்ல யாருமே பாக்கல, என்னோட சண்டையே அதுக்குத்தான்.

ஷோரூம் பேரு போடல. நான் சொல்லப்போறது ஒரு கடைய திட்டுறதுக்கு இல்ல, மாட் பண்ண வண்டி வச்சிருக்கிற யாருக்கும் எந்த பிராண்டுலயும் இது நடக்கலாம், பில்ல எப்படி படிக்கணும்னு தெரிஞ்சா போதும்.

முதல் தடவ 40,000 சர்வீஸ். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி கேபின் ஃபில்டர், பிரேக் கிளீனிங், டயர் ரொட்டேஷன் (டயர இடம் மாத்தி மாட்டுறது), அலைன்மென்ட் (வீலோட கோணம் சரி பண்றது). புக் பண்ணும்போது போன்ல ஒரு எஸ்டிமேட் சொன்னாங்க, காலைல விடும்போது சர்வீஸ் அட்வைசர் வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்து "சூப்பரா இருக்கு சார்"னு சொல்லிட்டு ஜாப் கார்டுல (என்ன வேலன்னு எழுதுற தாள்) கையெழுத்து வாங்கிட்டாரு, வேற ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் பில்ல பாத்தா பார்ட்ஸ் எல்லாம் சரியா இருக்கு, லேபர் மட்டும் சொன்னதுக்கு மேல பாதி ஏறி நிக்குது. ஒவ்வொரு லேபர் லைன்லயும் அதே பெருக்கல். ஆயில் சேஞ்ச், ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர், வாஷிங் வரைக்கும் எல்லாமே 1.5 மடங்கு. கேட்டா "மாடிஃபைடு வண்டிக்கு சிஸ்டம்ல அப்படித்தான் சார் செட் பண்ணிருக்கு, என்னால மாத்த முடியாது"ங்கிறாரு.

எனக்கு எக்ஸ்ட்ரா வாங்குனதுல கோவம் இல்லங்க, இத தெளிவா சொல்லிடுறேன். கோவம் வந்தது கேபின் ஃபில்டர்ல. கேபின் ஃபில்டர் எங்க இருக்கு, டேஷ்போர்டுல குளோவ் பாக்ஸுக்கு பின்னாடி. குளோவ் பாக்ஸ கழட்டி, மூடிய எடுத்து, பழசு உருவி, புதுசு சொருகி, மூடுறது. இதுக்கு வண்டி 2 இன்ச் உசரமா இருந்தா என்ன 20 இன்ச் உசரமா இருந்தா என்ன, அதே வேல அதே நேரம். ஏர் ஃபில்டரும் அப்படித்தான், நாலு கிளிப்பு. அதுக்கு எதுக்கு ஒன்றரை மடங்கு? வாஷிங்குக்கு வேணா ரூஃப் ரேக்க காரணம் சொல்லலாம், அதையும் அவங்க சொல்லல, மொத்தமா ஒரு பட்டன அழுத்தி எல்லாத்தையும் பெருக்கிட்டாங்க.

கம்பெனி சர்வீஸ்ல லேபர் எப்படி போடுறாங்கன்னு தெரியாம இதுல பேசவே முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்டாண்டர்ட் டைம் இருக்கு, ஃப்ளாட் ரேட்னு சொல்லுவாங்க. இந்த வேலைக்கு 0.3 மணி நேரம், அந்த வேலைக்கு 1.2 மணி நேரம்னு ஒரு டேபிள்ல இருக்கும், அத மணிக்கு இவ்ளோங்கிற லேபர் ரேட்டோட பெருக்குவாங்க. மெக்கானிக் அத விட சீக்கிரம் முடிச்சாலும் லேட்டா முடிச்சாலும் கஸ்டமருக்கு அந்த டேபிள் டைம்தான். இந்த டேபிள் ஃபேக்டரிலேர்ந்து வந்த மாதிரியே இருக்கிற வண்டிய வச்சு போட்டது, அதுல உங்க ஸ்கிட் பிளேட் கிடையாது, உங்க பம்பர் கிடையாது. அப்ப ஆயில் மாத்த அந்த பிளேட்ட கழட்டி மாட்டுற நேரம் எங்க போகும்? பில்லுல ஏத்தலன்னா அது மெக்கானிக் தலையில விழும். நிறைய இடத்துல அவங்களுக்கு சம்பளமோ இன்சென்டிவ்வோ இந்த டேபிள் டைம் கணக்குலதான் வருது, ஒரு மாட் வண்டி வந்து மாட்டுச்சுன்னா அன்னைக்கு அவருக்கு ஒரு வண்டி குறையும். அதனால எக்ஸ்ட்ரா வேலைக்கு எக்ஸ்ட்ரா காசுங்கிறது நியாயம், அத மறுத்து பேசுறவங்களோட நான் ஒத்துப்போக மாட்டேன். ஆனா எக்ஸ்ட்ரா வேல எதுல நடந்துச்சோ அதுக்கு மட்டும், எவ்ளோ நேரம்னு எழுதி.

அட்வைசர் கிட்ட பேசி பிரயோஜனம் இல்லன்னு சர்வீஸ் மேனேஜர் கிட்ட போனேன். மூணு விஷயம் கேட்டேன். இந்த 1.5 மடங்கு எங்கயாவது எழுதி ஒட்டியிருக்கா, ரேட் கார்டுல இருக்கா? இல்ல. காலைல கையெழுத்து வாங்கும்போது சொன்னாங்களா? இல்ல. கேபின் ஃபில்டருக்கு எங்க எக்ஸ்ட்ரா டைம் போச்சு? பதில் இல்ல. அப்புறம் வண்டில வேல பாத்தவர கூப்பிட்டு கேக்கலாமான்னு கேட்டேன், அதுக்கு ஒத்துக்கிட்டாரு, அதுக்கு அவர பாராட்டணும், நிறைய இடத்துல கஸ்டமர் மெக்கானிக் கிட்ட பேசவே விட மாட்டாங்க.

அந்த மெக்கானிக் சொன்னதுதான் அன்னைக்கு நான் கத்துக்கிட்டது. ஸ்கிட் பிளேட்டுல எட்டு போல்ட், அதுல ரெண்டு சேறு ஏறி இறுகிப் போயிருந்துச்சு, ஸ்ப்ரே அடிச்சு ஊறவிட்டு கழட்டுனாரு, பிளேட்டு கனம் ஒரு ஆளால தாங்க முடியாம இன்னொருத்தர கூப்பிட்டாரு, போக வர அரை மணி நேரம். டயர் பெருசு, கனம், ரொட்டேஷன்ல ஒவ்வொண்ணா தூக்கி மாட்ட ரெண்டு பேரு. அலைன்மென்ட்தான் ரொம்ப படுத்திடுச்சுன்னாரு. லிஃப்ட் போட்டா டோ (முன் வீல் உள்ள வெளில திரும்பி நிக்கிற அளவு) மாறும், காஸ்டர் (ஸ்டீரிங் அச்சு பின்னாடி சாஞ்சிருக்கிற கோணம்) குறையும், ஸ்டீரிங் லேசாகி திருப்பத்துல தானா நடுவுக்கு வராது, அத சரி பண்ண கீழ் ஆர்முல இருக்கிற, திருப்புனா ஆர்ம் நகர்ற கேம் போல்ட்ட திருப்பி திருப்பி பாக்கணும், மறுபடி டோ வைக்கணும், மறுபடி செக் பண்ணணும். மெஷின்ல இருக்கிற பச்ச சிவப்பு அளவு எல்லாம் கம்பெனிலேர்ந்து வந்த உசரத்துக்கு போட்டது. சாதாரண வண்டிக்கு டோ மட்டும் வச்சுட்டு இறக்கிடுவாங்க, என் வண்டிக்கு டபுள் டைம் ஆச்சாம். அவர் சொல்ற விதத்துலயே பொய் இல்லன்னு தெரிஞ்சுது, கையெல்லாம் வெட்டு வேற.

உடனே சொல்லிட்டேன், அண்ணன் சொன்ன மூணுக்கும், ஸ்கிட் பிளேட், ரொட்டேஷன், அலைன்மென்ட், எவ்ளோ டைமோ அப்படியே போடுங்க, ஒரு பைசா குறைக்க வேணாம், மத்த லைன் எல்லாத்தையும் ஒண்ணு மடங்குக்கு கொண்டு வாங்கன்னு. மேனேஜர் பத்து நிமிஷம் யோசிச்சுட்டு பில்ல திருத்தி கொடுத்தாரு. கூட்டி பாத்தா முதல் பில்லுக்கும் திருத்துன பில்லுக்கும் வித்தியாசம் பெருசு, கிட்டத்தட்ட இன்னொரு ஆயில் சேஞ்ச் லேபர் அளவுக்கு வரும். இதுக்காக ரெண்டு மணி நேரம் கவுண்டர்ல நின்னேன், அந்த ரெண்டு மணி நேரத்த யாரு திருப்பி தருவா.

வீட்டுக்கு வர வழியில அடியில கடகடன்னு சத்தம். மறுநாள் படுத்து பாத்தா எட்டு போல்ட்டுல ஏழுதான் இருக்கு. கூப்பிட்டு சொன்னேன், வரச்சொல்லி போட்டு கொடுத்தாங்க, காசு வாங்கல. ஆனா எக்ஸ்ட்ரா சார்ஜ் வாங்குன அதே வேலையில போல்ட்டு மிஸ் ஆனது ரொம்ப வருத்தமா இருந்துச்சு. அதுலேர்ந்து வண்டிய எடுக்கும்போது டார்ச் அடிச்சு அடியில எண்ணிட்டுதான் கெளம்புறேன்.

அப்புறம் ஒரு வேல பண்ணேன், ஸ்கிட் பிளேட் வச்சிருக்கிற எல்லாரும் இத பண்ணணும்னு சொல்லுவேன். பிளேட்ட ஃபேப்ரிகேஷன் பண்றவர் கிட்ட கொடுத்து ஆயில் இறக்குற டிரெயின் போல்ட்டுக்கு நேரா ஒரு ஓட்டையும் ஆயில் ஃபில்டருக்கு கை போற அளவுக்கு ஒரு கதவும் வெட்டி, ரெண்டு ஸ்க்ரூவுல மூடி வச்சு வாங்குனேன். இப்ப ஆயில் மாத்த பிளேட்ட கழட்டவே வேணாம். நல்ல கம்பெனி பிளேட்டுல இந்த ஓட்டை முன்னாடியே இருக்கும், வாங்கும்போதே பாத்து வாங்குங்க. ஒவ்வொரு சர்வீஸுக்கும் அரை மணி நேர லேபர் மிச்சம், அந்த வெட்டுன கூலி ஒரே சர்வீஸ்ல வந்துடுச்சு.

இன்னொரு கணக்கு, இது சர்வீஸ் சென்டர்ல யாரும் சொல்லல, நானே போட்டு பாத்தேன். 265/70 ஆர்17 டயரோட விட்டம் 803 மில்லிமீட்டர் வரும், 285/70 ஆர்17 போட்டா 831. அதாவது 3.5 சதவீதம் பெருசு. மீட்டர்ல 100 காட்டும்போது டயர் மாத்துறதுக்கு முன்னாடி போனத விட 3.5 கூடுதலா போயிட்டு இருக்கோம், ஓடோமீட்டர்ல 10,000 ஏறும்போது வண்டி அதே மாதிரி 10,350 ஓடியிருக்கும். சர்வீஸ் கிலோமீட்டர் பாத்து ஆயில் மாத்துறவங்க இத கழிச்சு கொஞ்சம் முன்னாடியே மாத்துங்க. சில வண்டில டயர் சைஸ ஸ்கேனர்ல (வண்டி கம்ப்யூட்டர்ல மாட்டுற கருவி) மாத்தி வைக்க முடியும், அத கேட்டு வச்சுக்கோங்க.

ரெண்டாவது தடவ போனது பேட்டரி பிரச்சினைக்கு. பத்து நாள் வண்டிய எடுக்கல, வந்து சாவிய திருப்புனா செத்துக் கெடக்கு. ஜம்ப் பண்ணி கொண்டு போனேன். இந்த தடவ முன்னாடியே சொல்லிட்டேன், வேலைய தொடறதுக்கு முன்னாடி பழுது தேடுற டயக்னோசிஸ் எவ்ளோ மணி நேரம்னு எழுதுங்க, அதுக்கு மேல போனா போன் பண்ணுங்கன்னு. அட்வைசர் 3 மணி நேரம்னு எழுதுனாரு, "வெளில எலக்ட்ரிக்கல் வேல பண்ணிருக்கீங்கல்ல சார்". நான் ஒண்ணு சொன்னேன், தம்பி, வெளில போட்டது லைட் பார் ஒண்ணுதான், அதோட ஃப்யூஸ் இது, ரிலே (சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட ஆன் பண்ற ஸ்விட்ச்) இங்க இருக்கு, வயர் இந்த வழியா போகுது, முதல்ல இத உருவிட்டு கரண்ட் அளந்து பாக்க சொல்லுங்க, இறங்கலன்னா அப்புறம் 3 மணி நேரம் தேடுங்கன்னு. பேப்பர்ல படம் போட்டும் கொடுத்தேன்.

ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சுட்டாங்க. அந்த ஒரு மணி நேரத்துலயும் பெரும்பகுதி காத்திருக்கிறதுதான், வண்டிய லாக் பண்ணதும் உள்ள இருக்கிற மாட்யூல் (சின்ன சின்ன கம்ப்யூட்டர்) எல்லாம் ஒவ்வொண்ணா தூங்கணும், அதுக்கு அரை மணி நேரம் போல ஆகும், அதுக்கு முன்னாடி அளந்தா தப்பான கணக்கு காட்டும். இது தெரியாம "சும்மா மீட்டர மாட்டி வச்சுட்டு ஒரு மணி நேரம் போட்டுட்டாங்க"ன்னு சண்ட போடாதீங்க. தூங்குன வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள்ள இழுத்தா சரின்னு பொதுவா பாப்பாங்க, என் வண்டி 220 இழுத்துட்டு இருந்துச்சு. லைட் பார் ஃப்யூஸ உருவுனதும் 40க்கு வந்துடுச்சு. லைட்ட மாட்டுன ஆக்ஸசரீஸ் கடைக்காரர் ரிலேவ ஆன் பண்ற டிரிகர் வயர சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற இக்னிஷன்ல எடுக்காம நேரா எப்பவும் கரண்ட் இருக்கிற வயர்ல கிளிப்பு அடிச்சு எடுத்திருக்காரு, ஸ்விட்ச்ச ரிலேவுக்கு அப்புறம் வச்சிருக்காரு, லைட்டு அணைஞ்சிருந்தாலும் ரிலே காயில் ராத்திரி பகல் பாக்காம ஆன்லயே இருந்திருக்கு. 180 மில்லி ஆம்பியர்னா ஒரு நாளைக்கு 4.3 ஆம்பியர் ஹவர், பத்து நாளைக்கு 43, 70 ஆம்பியர் ஹவர் பேட்டரில பாதிக்கு மேல போயிடும், ஸ்டார்ட் ஆகாது.

இதுல டீலர் மேல எந்த தப்பும் இல்ல, மாட்டுனது தப்பு, அதுக்கு நான் கொடுத்த ஒரு மணி நேர காசு முழு நியாயம். வயரிங்க திருத்தி சாலிடர் அடிச்சு டேப் சுத்தி கொடுத்தாங்க, அதுக்கு தனியா அரை மணி நேரம். 3 மணி நேர எஸ்டிமேட் ஒன்றரையில முடிஞ்சுது, பில்லுலயும் ஒன்றரைதான் போட்டாங்க. கிளிப்பு அடிச்சு வயர் எடுக்கிற கடைல எலக்ட்ரிக்கல் வேல கொடுக்காதீங்க, அப்போதைக்கு சீப்பா தெரியும், பின்னாடி கம்பெனி சர்வீஸ்ல மணிக்கணக்குல கட்டணும். மாட்டுறவர் கிட்டயே ஒரு வயரிங் படம் எழுதி வாங்கி குளோவ் பாக்ஸ்ல போட்டு வைங்க, அந்த ஒரு பேப்பர் டயக்னோசிஸ் டைம பாதியாக்கும்.

மூணாவது தடவதான் ரொம்ப முக்கியமானது. வண்டி இன்னும் வாரண்டில இருக்கு. ரெண்டு கம்ப்ளெயின்ட், ஒண்ணு முன் இடது பக்கம் சிவி ஜாயின்ட் பூட் (வீல சுத்த வைக்கிற டிரைவ் ஷாஃப்ட்டோட மூட்ட மூடுற ரப்பர் உறை) கிழிஞ்சு வீல் உள்பக்கம் எல்லாம் கிரீஸ் தெறிச்சிருக்கு, இன்னொண்ணு ஏசி காத்த ஊதுற புளோவர் மோட்டார் ஸ்பீடு 2ல வச்சா கீச்சு கீச்சுனு சத்தம். அட்வைசர் வண்டிய பாத்த உடனே ரெண்டுக்கும் சேத்து ஒரே வார்த்த, "மாடிஃபைடு சார், வாரண்டி வாய்ட்".

சிவி பூட்ட நான் வாதாடவே இல்ல. லிஃப்ட் போட்டா டிரைவ் ஷாஃப்ட்டோட கோணம் ஏறும், பூட்டோட மடிப்பு எப்பவும் இழுத்துட்டே இருக்கும், ஒண்ணோட ஒண்ணு உரசும், சீக்கிரம் கிழியும். இதுக்கும் நான் போட்ட லிஃப்ட்டுக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு, காசு கொடுத்து மாத்திக்கிறேன்னுட்டேன். ஆனா ஏசி புளோவர் மோட்டார்? டேஷ்போர்டுக்குள்ள உக்காந்திருக்கிற ஒரு சின்ன மோட்டார், அதுக்கும் சஸ்பென்ஷனுக்கும் என்ன சம்பந்தம்? "முழு வண்டிக்கும் வாரண்டி போயிடுச்சு"ன்னு ஒரு வார்த்தைல சொல்லிட்டு போறது எனக்கு ரொம்ப தப்பா பட்டுச்சு, அதுவும் தெரியாத கஸ்டமரா இருந்தா அப்படியே நம்பி காசு கட்டிட்டு போயிருப்பாங்க. எத்தன பேரு கட்டிருப்பாங்களோன்னு நெனச்சாதான் வயிறு எரியுது.

சத்தம் போடல. ஒண்ணே ஒண்ணு கேட்டேன், ரிஜெக்ட் பண்றத எழுதி கொடுங்க, நான் பண்ண எந்த மாற்றம் எப்படி இந்த மோட்டார கெடுத்துச்சுன்னு காரணத்தோட எழுதி கையெழுத்து போட்டு கொடுங்கன்னு. அங்கேயே அவர் சுருதி இறங்கிடுச்சு. எழுத முடியாதுன்னாரு, மேனேஜர் கிட்ட போச்சு, அவரும் நழுவுனாரு. ஜாப் கார்டுல "புளோவர் சத்தம், வாரண்டி மறுக்கப்பட்டது"ன்னு மட்டும் எழுத வச்சு ஃபோட்டோ எடுத்துக்கிட்டேன், சத்தத்த வீடியோ எடுத்தேன், வாரண்டி புக்குல எதெல்லாம் கவர் ஆகாதுன்னு இருக்கிற பக்கத்தையும் ஃபோட்டோ எடுத்து, மூணையும் சேத்து வண்டி கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன். டீலருக்கு இல்ல, தயாரிச்ச கம்பெனிக்கு, ஏன்னா வாரண்டி கொடுக்கிறது அவங்கதான், டீலர் வேல பாத்துட்டு அவங்க கிட்ட கிளெய்ம் பண்றவர். ஒரு வாரத்துல டீலர்லேர்ந்தே போன், அப்ரூவ் ஆயிடுச்சு, வண்டிய கொண்டு வாங்கன்னு. மோட்டார் புதுசு போட்டாங்க, லேபரும் இல்ல பார்ட்ஸும் இல்ல.

வாரண்டி புக்க ஒரு தடவையாவது முழுசா படிங்க. என் புக்குல எழுதியிருக்கிறது மாற்றத்தால வந்த பழுது கவர் ஆகாதுன்னு, மாத்துனா எல்லாமே போச்சுன்னு எங்கயும் எழுதல. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நம்ம காசு இருக்கு. அமெரிக்காவுல 1975ல மேக்னசன் மாஸ் வாரண்டி சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, அதுபடி வெளி பார்ட்ஸ் போட்டதுக்காக மட்டுமே வாரண்டிய மறுக்க முடியாது, அந்த பார்ட்ஸாலதான் பழுது வந்துச்சுன்னு கம்பெனி காட்டணும். எல்லா நாட்டுலயும் அதே சட்டம் இல்ல, சில இடத்துல லிஃப்ட், டயர் சைஸ் மாத்துறதுக்கே தனியா அனுமதி, இன்ஸ்பெக்ஷன்னு ரூல் இருக்கு, மாத்துறதுக்கு முன்னாடி அத பாத்துட்டு, இன்சூரன்ஸ்லயும் சொல்லிட்டு பண்ணுங்க. சொல்லாம விட்டா சர்வீஸ் பில்ல விட பெரிய சிக்கல் ஆக்சிடென்ட் கிளெய்ம்ல வரும்.

இன்ஜின் டியூன் பண்ணவங்களுக்கு ஒரு வார்த்த. என் ஃபிரண்டு ஒருத்தன் வண்டி உசரத்த இறக்கி, பவருக்காக ஈசியூ சாஃப்ட்வேர மாத்தி ரீமேப் பண்ணி வச்சிருக்கான். சர்வீஸுக்கு விட்டப்ப கம்பெனி சாஃப்ட்வேர் அப்டேட் வந்திருக்குன்னு வழக்கம்போல ஃப்ளாஷ் பண்ணி (புது சாஃப்ட்வேர ஏத்தி) விட்டுட்டாங்க, ரீமேப் அழிஞ்சு போச்சு, திரும்ப அவன் காசு போட்டு பண்ண வேண்டியதாயிடுச்சு. கேட்டா எங்களுக்கு யாரு சொன்னாங்கங்கிறாங்க, அதுவும் உண்மதான். டியூன் பண்ணிருந்தா மறைக்காதீங்க, ஸ்கேனர போட்டா சாஃப்ட்வேர் மாறியிருக்குன்னு நிறைய கம்பெனில கண்டுபிடிச்சுடுவாங்க, மறைச்சுட்டு மாட்டுனா பேச்சுக்கு மரியாத இருக்காது. ஜாப் கார்டுலயே "கேக்காம ஈசியூ அப்டேட் பண்ண வேண்டாம்"னு எழுத வைங்க. அதோட இன்ஜின், டர்போ, கியர்பாக்ஸ் வாரண்டி மறுத்தா அங்க வாதாட இடம் ரொம்ப கம்மி, பவர் ஏத்துனா அந்த லோடு அங்கதான் போகும், அத தெரிஞ்சேதான் பண்ணணும். அவனுக்கு இன்னொரு சார்ஜும் போட்டாங்க, வண்டி ரொம்ப கீழ இருக்கிறதால சர்வீஸ்ல வண்டிய தூக்குற லிஃப்ட்டோட கை அடியில போகல, மரப்பலகை வச்சு ஏத்தித்தான் தூக்குனாங்களாம். சைடு ஸ்கர்ட் உடையாம பொறுமையா பண்ணிருக்காங்க, அந்த கால் மணி நேரத்துக்கு காசு கேட்டது தப்பே இல்லன்னு அவன் கிட்டயும் சொன்னேன்.

வீல் திருட்டு போகாம இருக்க லாக் நட்டு போட்டவங்க அதோட சாவிய வண்டில வைக்க மறந்துடாதீங்க, அது இல்லாம வீல கழட்ட முடியாது, அவங்க தேடுற நேரம், உங்கள கூப்பிடுற நேரம், கடைசில உடைச்சு எடுக்கிறதுன்னு போகும். ரூஃப் ரேக்ல டென்ட் மாதிரி எதாவது மாட்டிருந்தா எறக்கி வச்சுட்டு போங்க, ரெண்டு தூண் லிஃப்ட்ல ஏத்தும்போது மேல இடிக்கும்னு பாதி உசரத்துலதான் நிறுத்துவாங்க, குனிஞ்சுட்டே வேல பாக்கணும், அந்த வேல நல்லா வராது. வண்டிய விடுறதுக்கு முன்னாடி அடிய தண்ணி அடிச்சு கழுவிட்டு போறேன் இப்பல்லாம், சேறு காஞ்ச போல்ட்டுக்கு யாரு நேரம் கொடுப்பா.

எக்ஸ்ட்ரா லேபர தவிர இன்னொரு லைன் பாருங்க. என் முதல் பில்லுல கன்ஸ்யூமபிள்ஸ்னு ஒண்ணு லேபர்ல இத்தன சதவீதம்னு போட்டிருந்தாங்க, லேபர ஒன்றரை மடங்காக்குனதும் இதுவும் தானா ஒன்றரை மடங்கு ஆயிடுச்சு. துணி, கிரீஸ், கிளீனர் எல்லாம் மாட் வண்டிக்கு அவ்ளோ கூடவா செலவாகும்? லேபர திருத்துனப்ப இத திருத்த மறந்துட்டாங்க, நான் பாத்து சொன்னப்புறம்தான் குறைச்சாங்க. லேபர் குறைஞ்சா அத தொட்டு நிக்கிற எல்லா லைனும் வரியும் குறையணும், கூட்டிப் பாருங்க.

இந்த சர்வீஸ் சென்டர நான் எப்படி மதிப்பிடுறேன்னா, வேல பாக்கிறவங்களுக்கு 5க்கு 4, அந்த ஒரு போல்ட்டுக்காக ஒண்ணு கம்மி. எலக்ட்ரிக்கல் பாத்த பையனுக்கு முழு மார்க். முன்னாடி உக்காந்து பில்லு போடுற பக்கத்துக்கு 2தான், அவங்களுக்கு மாட் பண்ண வண்டின்னா ஒரே ஜாதி, ஸ்டிக்கர் ஒட்டுனவனும் சஸ்பென்ஷன் மாத்துனவனும் ஒண்ணு. வண்டியோட இன்ஜின், ஏசி, எலக்ட்ரிக்கல், வாரண்டி வேலைக்கு இங்கயேதான் விடுவேன், சர்வீஸ் ஹிஸ்டரி ஒரே இடத்துல இருக்கணும். அலைன்மென்ட்டுக்கு மட்டும் இப்ப ஆஃப்ரோடு வண்டி தெனமும் பாக்கிற ஒரு தனி கடைக்கு மாறிட்டேன், அங்க லிஃப்ட் உசரத்துக்கு எவ்ளோ காஸ்டர் வேணும்னு அவங்களே சொல்லி வச்சு கொடுக்கிறாங்க, முன்னாடியும் பின்னாடியும் எடுத்த அளவு பிரிண்ட் அவுட்டும் தர்றாங்க, இங்க அத கேட்டாதான் தருவாங்க.

50,000 சர்வீஸுக்கு போன வாரம் புக் பண்ணேன். வண்டில கண்ணாடிக்கு பின்னாடி லேன் பாக்கிற கேமரா இருக்கு, உசரம் மாறுனப்ப அத திரும்ப கேலிபிரேட் (அளவு சரி) பண்ணிருக்கணும், லிஃப்ட் போட்ட கடைலயும் சொல்லல, முதல் சர்வீஸ்ல இங்கயும் சொல்லல, அத இந்த தடவ பண்ணணும்னு கேட்டிருக்கேன். அதே அட்வைசர்தான் திரும்ப கூப்பிட்டாரு. "சார், ஆயில் சேஞ்ச் ஸ்டாண்டர்ட் டைம்தான், உங்க பிளேட்டுல கதவு இருக்குன்னு நோட் பண்ணிருக்கேன். டயர் ரொட்டேஷனுக்கு மட்டும் 0.3 எக்ஸ்ட்ரா. கேமரா கேலிபிரேஷன் இந்த உசரத்துல பாஸ் ஆகுமான்னு ஃப்ளோர்ல வேல பாக்கிறவங்க கிட்ட கேட்டுட்டு நாளைக்கு மெசேஜ் பண்றேன், ஆகலன்னா அந்த சார்ஜ் போட மாட்டோம்"னாரு. மறுநாள் மெசேஜ் வந்துச்சு, லைன் லைனா மணி நேரம் போட்டு. புதன்கிழம காலைல விடுறேன்.